ஒருவருக்காகத் தைத்த சட்டம்

காலை பதினொரு மணிக்கு ராலித்சா மின்ச்சேவா மேசைமேல் கிடந்த புகைப்படத்தைப் பார்த்து, "தூ!" என்றாள்.

உண்மையில் துப்பவில்லை. சூரியகாந்தி விதைத் தோல் ஒன்று உதட்டோரத்திலிருந்து கிண்ணத்தில் விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது உதவியாளன் ஸ்பாஸுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் சுங்கத்தில் வேலை பார்த்து, திறக்கக் கூடாத ஒரு கன்டெய்னரைத் திறந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் அவள். அன்றிலிருந்து அரசாங்கக் காகிதம் எதைப் பார்த்தாலும் அவளுக்கு வாயில் விதைத் தோல் சேர்ந்துவிடும். ஸ்பாஸ் பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவன். எல்லைச் சாவடிகளில் நின்று நின்று காத்திருக்கவும் வாயடிக்கவும் கற்றுக்கொண்டவன். துப்பறியும் அலுவலகத்துக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

எதிரே உட்கார்ந்திருந்த வீஹ்ரா தோனேவாவுக்கு வயது இருபத்தொன்பது. நேற்று மாலை வரை ஸ்வெத்லின் துறைமுகத்தில் சுங்க ஆய்வாளர். நேற்று மாலை அவளுடைய அடையாள அட்டையையும் ஈய முத்திரை குத்தும் குறட்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

"மறுபடி சொல்லும்மா. ஸ்பாஸுக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள் ராலித்சா.

"எனக்குப் புரிஞ்சா நாட்டுல எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி" என்றான் ஸ்பாஸ் பெருந்தன்மையாக.

வீஹ்ரா சிரிக்கவில்லை. "ஒரு மெஷின், அண்ணே. இரும்புக் கட்டியை அஞ்சு பக்கமும் திருப்பித் திருப்பிச் செதுக்கும். பொய்ப்பல்லும் செய்யலாம், ஏவுகணைக்கு மூக்கும் செய்யலாம். அதனால மார்ச் ஒண்ணாம் தேதியிலிருந்து லைசென்ஸ் இல்லாம அது நாட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு சட்டத்தைத் திருத்தினாங்க. பத்தாம் தேதி ஒரு கன்டெய்னரைத் திறந்தேன். உள்ளே அதே மெஷின், ரெண்டரை டன். கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ பல் ஆஸ்பத்திரிக்குப் போகுதாம்."

"ரெண்டரை டன் மெஷின்ல பல்லா? அங்க யானைக்கு வைத்தியம் பாக்கறாங்களா?" என்றான் ஸ்பாஸ்.

"நிறுத்தினேன். கம்பெனிக்காரன் ஒரு சான்றிதழை நீட்டினான். பிப்ரவரி பதினேழாம் தேதியே பரிசோதிச்சு சீல் வெச்சாச்சாம். திருத்தத்துல கடைசியா ஒரு வரி இருக்கு. மார்ச்சுக்கு முன்னாடி சீல் வெச்ச சரக்குக்குப் பழைய சட்டமே போதும். நான் நம்பலை. மறுநாளே, 'இந்தப் பொண்ணு லஞ்சம் கேட்டா, குடுக்கலைன்னு நிறுத்திட்டா'ன்னு புகார் குடுத்துட்டான்."

"விசாரணை எப்போ?"

"இன்னிக்கு மூணு மணிக்கு. சான்றிதழ் நிஜம்னு ஆயிட்டா நான் லஞ்சம் கேட்டதும் நிஜம்னு ஆயிடும். அஞ்சு மணிக்குக் கப்பல் போயிடும். நான் ஜெயிலுக்குப் போயிடுவேன். சான்றிதழ்ல கையெழுத்துப் போட்ட துனேவ் பிப்ரவரி கடைசியில ரிட்டயர் ஆகி ஸ்பெயின்ல மக வீட்டுக்குப் போயிட்டார். போனே எடுக்க மாட்டேங்கறார்."

ராலித்சா புகைப்படத்தை ஸ்பாஸ் பக்கம் தள்ளினாள். அது சான்றிதழோடு இணைத்த படத்தின் ஜெராக்ஸ். கறுப்பும் சாம்பலுமாக இருந்தது. திறந்த பெட்டிக்குள் மெஷின். அதன் முன்னால் ஓரத்திலிருந்து நீண்ட ஒரு கை, பிப்ரவரி பதினேழாம் தேதிச் செய்தித்தாளைப் பிடித்திருந்தது. முகம் இல்லை. மணிக்கட்டில் வட்டமாக ஏதோ தெரிந்தது.

"வாட்ச் கட்டியிருக்கான், ஆனா முள்ளைக் காணோம்" என்றான் ஸ்பாஸ். "நம்ம ஆபீஸ்களுக்கு அது போதும்."

"பழைய பேப்பர் ஒண்ணை எடுத்து வெச்சிருந்தா எந்தக் கழுதையும் பதினேழாம் தேதிப் படம் எடுக்கலாம்" என்றாள் ராலித்சா. "அந்தக் கடைசி வரியை யார் எழுதினது?"

"ஆலோசகர் வெலிசார் ஸ்தாமொவ்."

ராலித்சா கிண்ணத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, மதியச் சாப்பாடு தாமதமாகும் என்று ஸ்பாஸ் முடிவுசெய்தான்.

ஸ்தாமொவின் அறை சுங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. மூன்று மணி விசாரணையும் அதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில்தான். முற்றத்தில் ஒரு காட்டு பிளம் மரம் இலை துளிர்க்கும் முன்பே பூத்துத் தள்ளியிருந்தது. கிளைகளில் அதற்குள் இருபது முப்பது சிவப்பு வெள்ளைக் கயிறுகள். ஸ்பாஸ் நின்றான். ஊர் வழக்கப்படி மார்ச் ஒன்றாம் தேதி அத்தைகளும் அக்காமார்களுமாக ஐந்து பேர் கட்டிவிட்ட ஐந்து கயிறுகள் அவன் மணிக்கட்டில் இருந்தன. நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்தால் அவிழ்த்துக் கிளையில் கட்டிவிடலாம்; அதுவரை அவிழ்க்கக் கூடாது, குப்பையில் எறியவும் கூடாது.

"அக்கா, ஒரு நிமிஷம். இதுகளைக் கட்டிட்டு வந்துடறேன். சூப் குடிச்சா சூப்புல விழுது, தூங்கினா மூக்குல ஏறுது."

"இப்ப வேண்டாம். அவன் முன்னாடி கயிறோடயே லட்சணமா வந்து நில்லு."

ஸ்தாமொவுக்கு எழுபத்திரண்டு வயது. நல்ல உயரம், வெள்ளிநிறத் தலைமுடி. சட்டம் என்றால் தன் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். காபி வரவழைத்தார். சுவரில் பழைய படம் ஒன்று: வியன்னா ரயில் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள், நடுவில் ஒரு பெரிய மரப்பெட்டி. ஒருவர் ஸ்தாமொவ். மற்றவரை ராலித்சா சற்று நேரம் பார்த்தாள். சுங்கத்தில் இருந்தபோது அவள் பலமுறை பார்த்த முகம். வீஹ்ரா நிறுத்திய மெஷினின் சொந்தக்காரன்தான், முப்பது கிலோ இளைத்து நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பெட்டியில என்ன ஐயா?"

"திராட்சை பிழியற இயந்திரத்தோட பாகங்கள்னு காகிதத்துல இருந்தது" என்று சிரித்தார் ஸ்தாமொவ். "உள்ளே கம்ப்யூட்டர். அந்தக் காலத்துல மேற்கத்திக்காரன் நமக்கு ஒரு கால்குலேட்டர்கூட விக்க மாட்டான். தடைப் பட்டியல் வெச்சிருந்தான். அதை அவனைவிட எனக்கு நல்லாத் தெரியும். எந்த வரிக்கு அடியில எதை நுழைக்கலாம்னு மனப்பாடம்."

"இப்ப அதே பட்டியலை நீங்க எழுதறீங்க."

"காலம் மாறுதும்மா. தொண்ணூறுகள்ல சட்டமே இல்லை. துப்பாக்கியிலிருந்து தண்டவாளம் வரைக்கும் எது வேணா வெளியே போச்சு. அப்புறம் வெளிநாட்டுல திட்டினாங்க, ஒரு சட்டம் எழுதினோம். ஐரோப்பாவுல சேரணும்னோம், அவங்க பட்டியலை அப்படியே எடுத்துக்கிட்டோம். உலகத்துல ஏதாவது நடக்கும், ஒரு வரி சேரும். இன்னொண்ணு நடக்கும், இன்னொரு வரி. சட்டம்ங்கறது உயிருள்ள பொருள், வளர்ந்துகிட்டே இருக்கும்."

"எங்க லாரிக்காரங்களுக்கு அது நல்லாத் தெரியும் சார்" என்றான் ஸ்பாஸ். "காலையில தக்காளி ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். சாவடிக்குப் போறதுக்குள்ள சட்டம் வளர்ந்துடுச்சு. அது இன்னும் வளர்ற வரைக்கும் மூணு நாள் நின்னேன். கடைசியில நான் கொண்டுபோனது சட்னி."

ஸ்தாமொவ் அவனைப் பார்க்கக்கூட இல்லை. ராலித்சா கைப்பையிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டு, பொதுமக்களில் ஒருவர்கூடப் படிக்காத மூன்று வரைவுகள்.

"முதல் வரைவுல அந்தக் கடைசி வரி இல்லை. ரெண்டாவதுலயும் இல்லை. மூணாவதுல திடீர்னு முளைச்சிருக்கு. யார் கேட்டாங்க?"

"தொழில்துறை கேட்டது. பல நிறுவனங்கள்."

"இதுவரைக்கும் அந்த வரியைக் காட்டி எத்தனை மெஷின் வெளியே போச்சு?"

"அது ரகசியத் தகவல்."

"ஒண்ணு" என்றாள் ராலித்சா. "அதுவும் இன்னும் போகலை, இன்னிக்கு அஞ்சு மணிக்குத்தான் போகப்போகுது. நாட்டுக்கே தைச்ச சட்டை, ஐயா. போட்டுப் பார்த்தா ஒரே ஒருத்தருக்குத்தான் அளவு சரியா இருக்கு."

ஸ்தாமொவின் காபிக் கோப்பை தட்டில் கொஞ்சம் அழுத்தமாகவே உட்கார்ந்தது. "உங்க வேலை போனதும் இப்படி வரம்பு மீறித்தான். சட்டத்தை மதிக்கத் தெரியாதவங்களுக்குச் சுங்கத்துல இடமில்லை. அந்தப் பொண்ணுக்கும் அதைச் சொல்லுங்க. நானே மூணு மணிக்கு நிபுணர் சாட்சியா வரேன்."

அவர் வாசலைக் காட்டக் கையை நீட்டியபோது சட்டைக்கை மேலேறியது. மணிக்கட்டில் சிவப்பு வெள்ளைக் கயிறு. அதன் நடுவில் பெரிய, நான்கு துளைப் பொத்தான் ஒன்று கோத்திருந்தது.

"அட, சார்! கால்சட்டைப் பொத்தானா?" என்றான் ஸ்பாஸ். "அவிழ்ந்துடாமப் பாத்துக்குங்க. அப்புறம் சட்டம் இறங்கிடப்போகுது."

"என் பேத்தி பாலர் பள்ளியில செஞ்சது" என்றார் ஸ்தாமொவ். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் குரலில் பொய் இல்லை. உடனே சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

ராலித்சா படியிறங்கினாள். எத்தனை பேரை இதே படிகளில் ஏறி இறங்கப் பார்த்திருக்கிறாள்! பொய்க் காகிதத்தில் கம்ப்யூட்டர் கடத்தியவன், பின்னாளில் பொய்க் காகிதத்தைப் பிடிக்கும் நிபுணன் ஆகி, அதற்கும் பின்னாளில் பொய்யே தேவைப்படாதபடி சட்டத்தையே எழுதிக்கொள்ளும் ஆலோசகன் ஆகிவிடுகிறான். இதற்குப் பெயர் வளர்ச்சி என்றால் சொத்தைப் பல்லும் வளர்ச்சிதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒன்றரை மணிக்குத் தெருமுனைக் கடையில் நின்றபடி சீஸ் வைத்த அடுக்கு ரொட்டியான பானித்சாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெயில் பொரபொரவென்று அடுக்கடுக்காக உதிர்ந்தது. ஸ்பாஸ் மோர் தம்ளரைத் தூக்கியபோது ஐந்து கயிறுகளில் இரண்டு மோருக்குள் குளித்தன.

"சொன்னேன் இல்ல? ராத்திரியெல்லாம் நாரை வருமான்னு ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கேன். காதலிக்குக்கூட இவ்வளவு நேரம் காத்திருக்கலை."

ராலித்சா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. எண்ணெய்க் கையோடு ஜெராக்ஸைப் பையிலிருந்து இழுத்து, படத்தில் இருந்த கையையும் இந்தக் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வா."

"பானித்சா?"

"வாயில வெச்சுக்கிட்டே வா."

பக்கத்தில் ஒரு காகிதக் கடை. கடைக்காரி ஏதும் கேட்பதற்குள் ராலித்சா ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து, ஸ்பாஸின் கையைக் கண்ணாடியில் அழுத்தினாள். பச்சை வெளிச்சம் ஓடியது.

"உள்ளங்கையைக் காட்டி ஜோசியம் பாத்திருக்கேன். இது என்ன புது முறை?" என்று வாய் நிறைய பானித்சாவோடு கேட்டான் ஸ்பாஸ்.

காகிதம் வெளியே வந்தது. சிவப்பு கறுத்திருந்தது, வெள்ளை வெளுப்பாகவே இருந்தது. ஸ்பாஸின் மணிக்கட்டைச் சுற்றிக் கறுப்பும் வெளுப்புமாகப் பின்னிய கோடு ஓடியது. சான்றிதழ்ப் படத்தில், வட்டமான அந்த வாட்சின் இரு பக்கமும் ஓடியதும் அதே பின்னல் கோடுதான். அதை அவர்கள் வாட்சின் வார் என்று நினைத்திருந்தார்கள்.

"பிப்ரவரி பதினேழாம் தேதி இந்த நாட்டுல எவனாவது இதைக் கட்டியிருப்பானா?" என்றாள் ராலித்சா.

"கட்டினா அவன் அம்மாவே அடிப்பாங்க. மார்ச் ஒண்ணுக்கு முன்னாடி..." ஸ்பாஸ் மெல்வதை நிறுத்தினான். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். வட்டத்துக்குள் நான்கு சின்னக் கறும்புள்ளிகள். "அக்கா. இது வாட்சே இல்லை. அதான் முள்ளு இல்லை."

"இல்லை."

"பொத்தான்."

"எடுபிடியை அனுப்பாம ஐயாவே போய்ப் பேப்பரைப் பிடிச்சிருக்கார். வியன்னாவுல கத்துக்கிட்ட பாடம். யாரையும் நம்பக் கூடாது. துனேவ்கிட்ட வெறும் சான்றிதழ்ல கையெழுத்து வாங்கி வெச்சாச்சு, ஆனா சீல் வைக்க வேண்டிய மெஷின் பிப்ரவரிக்குள்ள வந்து சேரலை. மார்ச்சுல வந்தப்போ தேதியை மட்டும் பின்னாடி தள்ளினா போதும்னு நினைச்சிருக்கார். எல்லாத்தையும் யோசிச்சார். கையில இருந்தது கண்ணுலயே படலை, ஏன்னா மார்ச்சுல அது எல்லார் கையிலயும் இருக்கும்."

ஸ்பாஸுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று மணிக்கு விசாரணை அறைக்குள் நுழைந்ததும் அந்தத் துள்ளல் அடங்கிப்போனது.

ஸ்தாமொவ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சட்டைக்கைகளை முழங்கை வரைக்கும் அழகாக மடித்துவிட்டிருந்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

'என் வாயில் தையல் போட்டால்தான் என்ன?' என்று நினைத்தான் ஸ்பாஸ். பொத்தானைப் பற்றி அவன் அடித்த கிண்டல்தான் கிழவரை உஷார்ப்படுத்தியிருக்கிறது. மூலையில் வீஹ்ரா கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்க அவனுக்கு முகமில்லை.

அரசு வழக்கறிஞர் கெர்ஜிகோவா தடித்த கண்ணாடி போட்ட அம்மாள், வீண்பேச்சு பிடிக்காதவர். ராலித்சா கேட்டுக்கொண்டபடி கோப்பிலிருந்து அசல் வண்ணப் படத்தை எடுத்தார். பார்த்தார். பிறகு, தன்னையறியாமல், தன் மணிக்கட்டில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"சிவப்பு வெள்ளை" என்றார் மெதுவாக. "பிப்ரவரியிலயா?"

"கால்பந்து ரசிகர்கள் வருஷம் பூரா இந்த நிறத்துல கட்டிக்கறாங்க" என்றார் ஸ்தாமொவ், அலுப்போடு. "துனேவுக்கு உதவியா வந்த ஏதோ கூலியாள் கையா இருக்கும். ஒரு நூலைக் காட்டி அரசாங்கச் சான்றிதழைப் பொய்னு சொல்லப்போறோமா? கப்பல் காத்துக்கிட்டிருக்கு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்பெனிக்கு நஷ்டஈடு நாமதான் குடுக்கணும்."

"நீங்க இந்த வருஷம் கட்டவே இல்லையா, ஐயா?" என்று கேட்டாள் ராலித்சா.

"எனக்கு அந்த வயசெல்லாம் தாண்டிடுச்சும்மா."

"மத்தியானம் கையில பொத்தான் வெச்ச கயிறு இருந்துச்சு! பேத்தி செஞ்சதுன்னு சொன்னாரு! நான் பாத்தேன்!" என்றான் ஸ்பாஸ்.

"லாரி டிரைவர் பாத்தாராம்" என்றார் ஸ்தாமொவ் வழக்கறிஞரிடம், புன்னகையோடு.

வழக்கறிஞர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. ஸ்பாஸ் ராலித்சாவின் காதருகே குனிந்தான். "அக்கா, அஞ்சு நிமிஷம் குடுங்க. மூணாவது மாடிக் குப்பைத் தொட்டியெல்லாம் கொட்டிப் பாத்துடறேன்."

"குப்பைத் தொட்டியில தேடாதே" என்றாள் ராலித்சா, ஸ்தாமொவுக்கும் கேட்கும்படி. "காகிதமா இருந்தா நறுக்கிப் போட்டிருப்பான். கையெழுத்தா இருந்தா மறுத்திருப்பான். ஆனா அவனும் இந்த ஊர்க்காரன்தானே." அவள் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினாள். முற்றத்தில் பிளம் மரம் வெள்ளை வெளேரென்று நின்றது.

ஸ்பாஸ் கதவைக்கூடத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே குதித்தான்.

கீழ்க் கிளைகளில் குமாஸ்தாக்கள் கட்டியவை. நடுக் கிளைகளில் காவலாளிகள் கட்டியவை. ஸ்பாஸ் கால்விரல்களில் எம்பிப் பார்த்தான். உயரமான ஓர் ஆள் கையை முழுக்க நீட்டினால் மட்டுமே எட்டக்கூடிய ஒரு கிளையில், பூக்களுக்குப் பின்னால் மறைத்து, அவசரத்திலும் ஒழுங்காக முடிச்சுப் போட்டு, அது தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைக் கை பின்னிய கோணலான கயிறு. நடுவில் நான்கு துளைப் பொத்தான். ஒரு துளையின் ஓரம் உடைந்திருந்தது.

"இங்க வந்து பாருங்கம்மா! நான் தொடலை!"

கெர்ஜிகோவா வண்ணப் படத்தோடு முற்றத்துக்கு வந்தார். கிளைக்கருகே படத்தைத் தூக்கிப் பிடித்தார். படத்திலும் ஒரு துளையின் ஓரம் உடைந்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பேத்தி பேர் என்ன, ஸ்தாமொவ்?" என்று மட்டும் கேட்டார்.

பின்னால் வந்து நின்ற ஸ்தாமொவ் கிளையையே பார்த்தார். அத்தனை உயரமும் எங்கோ போய்விட்டது.

"குழந்தை கட்டிவிட்டது" என்றார் கடைசியில். "அதைப் போய் எப்படிக் குப்பையில போடறது?"

"முப்பது வருஷமா சட்டத்தைக் குப்பையில போட்டீங்களே" என்றாள் ராலித்சா. "அதை எழுதறேன்னு சம்பளமும் வாங்கிக்கிட்டீங்க. ஒரு முழ நூலுக்குத்தான் கை நடுங்கிச்சா?"

ராலித்சா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அந்த ஆளிடம் கேட்டு வாங்கும்படி அவளுக்கு எதுவும் மிச்சமில்லை.

வழக்கறிஞர் துறைமுகத்துக்குப் போன் போட்டார். பிறகு உள்ளே போய், ஒரு காகித உறையோடு திரும்பி வந்து வீஹ்ராவிடம் நீட்டினார். அடையாள அட்டையும் ஈய முத்திரைக் குறடும் அதில் இருந்தன.

"கப்பல் கிளம்ப ஒண்ணரை மணி நேரம் இருக்கு, ஆய்வாளர் தோனேவா. கன்டெய்னரை இறக்கி நீங்களே சீல் வைங்க. தேதியைச் சரியாப் போடுங்க."

வீஹ்ரா உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். துறைமுகத்தை நோக்கி ஓடினாள். அவள் வாயிலைத் தாண்டும்வரை ஸ்பாஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் ஐந்து கயிறுகளையும் அவிழ்த்து மரத்தில் கட்டப் போனான்.

"வேற மரம் பாரு" என்றாள் ராலித்சா. "இது இனிமே சாட்சி."

ஸ்பாஸ் பெருமூச்சு விட்டுக் கயிறுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டான்.